அணுவின் கணக்கும் உயிரின் கணக்கும்

நம் முக்கூடல் பகுதியில், தாமிரபரணித் தண்ணீர் பாயும் குளம் ஒன்றில் 10 விரால் மீன்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு மீனைப் பிடிக்க எத்தனை வழிகள்? எந்த மீனையும் பிடிக்கலாம். ஆகவே 10 வழிகள். முதலில் ஒரு மீனைப் புதிதாக விட்டு, பிறகு ஒன்றைப் பிடித்தால் 11 வழிகள். முதலில் பிடித்து, பிறகு ஒன்றை விட்டால் 10 வழிகளே. இரு முறையிலும் முடிவில் எஞ்சுபவை 10 மீன்கள்தாம். ஆயினும் வரிசை மாறியதால் வழிகளின் எண்ணிக்கையில் 1 வேறுபடுகிறது.

இந்தச் சிறு வேறுபாடு குவாண்டம் இயற்பியலின் அடிப்படைக் கணக்குகளுள் ஒன்றாகும். ஒளித்துகள்கள் தோன்றுவதையும் மறைவதையும் கணக்கிட, 1927-இல் டிராக் என்னும் ஆங்கிலேய அறிஞர் ‘ஆக்கும் செயலி’, ‘அழிக்கும் செயலி’ என்னும் இரு கருவிகளைக் கையாண்டார். 1976-இல் ஜப்பானிய அறிஞர் டோய் இவற்றை வேதிவினைகளுக்குப் பயன்படுத்தினார். 1985-இல் இத்தாலிய அறிஞர் பெலிட்டி பிறப்பு இறப்புக் கணக்குகளுக்கு இவற்றைக் கொண்டுவந்தார். இதனால் மீன் அணுத்துகளாகிவிடாது. எண்ணும் முறை மட்டுமே ஒன்று.

இயற்பியலும் உயிரியலும் இவ்வாறு கணக்கில் கைகோத்ததற்கு நம் தமிழ்நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது எலெக்ட்ரான்களும் ஒளித்துகள்களும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்து மழைபோல் பொழிகின்றன. அவற்றின் சராசரியை 1937-இல் ஹோமி பாபாவும் ஹைட்லரும் கணித்தனர். சராசரியைச் சுற்றிய ஏற்ற இறக்கங்களைக் கணிக்க, சென்னையைச் சேர்ந்த அல்லாடி ராமகிருஷ்ணன் 1950-இல் ‘பெருக்கல் அடர்த்தி’ என்னும் முறையை வெளியிட்டார். இதையொத்த கணக்கை 1949-இல் இங்கிலாந்தின் கெண்டால் மக்கள்தொகைப் பெருக்கத்துக்கு வகுத்திருந்தார். துகளுக்கு ஆற்றல் எப்படியோ, உயிருக்கு வயது அப்படி! சென்னையில் 1962-இல் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கியவரும் இந்த ராமகிருஷ்ணனே.

சராசரி மட்டும் தெரிந்தால் போதாதா? போதாது. பத்துப் பத்து மீன்கள் உள்ள குளங்கள் பல இருக்கட்டும். ஒவ்வொரு மீனுக்கும் பெருகும் வாய்ப்பும் மடியும் வாய்ப்பும் சமமாக இருக்கட்டும். காலம் செல்லச் செல்ல, பெரும்பாலான குளங்களில் மீன் அற்றுப்போகும். மிகச் சிலவற்றில் மட்டும் பெருகும். சராசரியோ ஏறத்தாழ 10 ஆகவே நிற்கும்!

பரிணாமத்திலும் இதே நிலைதான். இதனை 1927-இலேயே ஹால்டேன் காட்டினார். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த அறிஞர் அவர். நூற்றுக்கு 1 பங்கு மிகுதியாகச் சந்ததி தரும் நல்ல மாற்றம் ஓர் உயிரில் புதிதாகத் தோன்றினாலும், அது நிலைபெறும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 2 மட்டுமே. மற்றவை பெருகும் முன்பே தற்செயலாக மறைந்துவிடும்.

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைப் பகுதியின் காடுகளில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. அருகிவரும் இத்தகைய உயிர்களைக் காக்க விரும்புவோர், சராசரி என்ன என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. எத்தனை எஞ்சியுள்ளன, அற்றுப்போகும் வாய்ப்பு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். அணுவை அறிய வளர்ந்த கணக்கு, உயிரைக் காக்கவும் நமக்கு உதவும் அன்றோ!