வீட்டில் முதலில் யார் பேசுவார்?

ஒரு தமிழ்க் குடும்பம் த்வாண்டேயில் ஒரு குயவர் வீட்டில் தங்கிப் பர்மிய மொழி பழகுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாங்கோனிலிருந்து படகேறி ஆற்றைக் கடந்து, தலாவில் இறங்கி, டெல்டா வயல்களின் நடுவே மேற்கே போனால் வரும் ஊர் அது. யாங்கோன் ஆற்றை ஐராவதியோடு சேர்க்கும் கால்வாய்க்கும் மண்பாண்டங்களுக்கும் பெயர் பெற்றது. அப்பா, அம்மா, 13 வயது மகள், 4 வயது மகன். மூன்று மாதம் கழித்து இவர்களில் யார் நன்றாகப் பேசுவார்?

சின்னவன்தான் என்று யாரும் சட்டென்று சொல்வார்கள். 1978-இல் கேத்தரின் ஸ்னோவும் மரியன் ஹூஃப்நாகல்-ஹோலேவும் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தருகிறது. நெதர்லாந்துக்குக் குடிபோன ஆங்கிலம் பேசுவோர் வகுப்பில் உட்காராமல் அன்றாடப் புழக்கத்திலேயே டச்சு மொழியைக் கற்பதை இவர்கள் ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும். 3 முதல் 5 வயதுக் குழந்தைகளோ தேர்வுகளில் கடைசி. மகளுக்கு நல்ல நினைவாற்றல் உண்டு, ‘இதற்கு என்ன பெயர்?’ என்று கேட்கத் தெரியும், ஒரு மொழியின் இலக்கணம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. தம்பிக்கு இவையெல்லாம் இனிமேல்தான்.

ஆனால் ஆண்டுகள் போகப் போகக் கணக்கு மாறும். ஏறக்குறைய 6,70,000 பேரின் ஆங்கில இலக்கண அறிவை இணையத்தில் சோதித்து 2018-இல் வந்த ஓர் ஆய்வு, இலக்கணத்தைப் பற்றிக்கொள்ளும் திறன் சுமார் 17 வயதுவரை குறையாமல் இருந்து, பிறகு சரிவதாகச் சொல்கிறது. ஊரில் பிறந்தவர்போலப் பேச வேண்டுமானால் 10 வயதுக்குள் தொடங்கியிருப்பது நல்லது. பின்தங்கி நின்ற சின்னவன் அங்கேயே வளர்ந்தால் எல்லோரையும் தாண்டிவிடுவான்.

த்வாண்டேயில் தமிழருக்கு ஓர் அருமையான அனுகூலம் உண்டு. பர்மிய மொழி சீன-திபெத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது, நமக்கு எந்த உறவும் இல்லை. ஆனாலும் வாக்கியத்தைக் கட்டும் முறை நம்முடையதேதான். வினைச்சொல் கடைசியில் வரும், வேற்றுமைக் குறிகள் பெயருக்குப் பின்னால் ஒட்டும், கேள்வியின் அடையாளம் வாக்கியத்தின் வாலில் நிற்கும். சந்திக்கும்போது அங்கே வழக்கமாகக் கேட்பது ‘தமின் சா பி பி லா’. சோறு, சாப்பிடு, முடி, ஆயிற்று, பிறகு கேள்விக் குறி. ‘சாப்பிட்டாச்சா?’ என்பதன் அடுக்கு அப்படியே. ஸ்பெயினுக்குப் போகும் தமிழர் முதலில் வினையை நடுவில் வைத்துப் பழக வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

எழுத்துக்கு ஒரு நடை, பேச்சுக்கு ஒரு நடை என்ற வழக்கமும் பொதுவானது. பர்மியத்தில் வாக்கியத்தை முடிக்கும் ஒட்டுகள்கூட நூலில் ஒன்று, வாயில் வேறு. பாடநூலை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர், மதுரைச் சந்தையில் செந்தமிழில் விலை கேட்பவர்போலத்தான் நிற்பார். பேச்சுமொழியை வீட்டில்தான் எடுக்க முடியும். அதிலும் ‘நான்’ என்பதை ஆண் ‘ச்சனோ’ என்றும் பெண் ‘ச்சமா’ என்றும் சொல்லும் மொழியில், அடுப்படியில் வீட்டம்மாவின் பேச்சை மட்டுமே கேட்டு வளரும் பையன் தன்னையும் ‘ச்சமா’ என்று சொல்லிக்கொள்ள வாய்ப்புண்டு. வீட்டில் ஆணும் பெண்ணும் பேசக் கேட்க வேண்டும்.

கஷ்டம் ஒலியில் இருக்கிறது. மூச்சோடு சொல்லும் ‘கா’ என்ற ஒரே அசை, குரலைத் தாழ்த்தினால் அசைத்தல். உயர்த்தி நீட்டினால் கசப்பு. தொண்டையை இறுக்கினால் கட்டணம். சட்டென்று அடைத்து நிறுத்தினால் அடித்தல். நம் காதுக்கு நான்கும் ஒன்றுபோலவே கேட்கும். காரணம் நம் முதல் பிறந்தநாளுக்கும் முன்னால் இருக்கிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் காட்டியது இது: ஆங்கிலம் கேட்டு வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இந்தியின் தகர, டகர வேறுபாட்டைக் கேட்டுணர்கின்றன; 10 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலும் இழந்துவிடுகின்றன. ‘பத்து’, ‘பட்டு’ இரண்டையும் பிரித்துக் கேட்பது நமக்கு எவ்வளவு இயல்பு! வீட்டு மொழிக்குத் தேவையில்லாத வேறுபாடுகளை மூளை அவ்வளவு சீக்கிரம் கைவிடுகிறது.

இழந்ததை மீட்க முடியுமா? பட்ரீசியா கூலும் உடன் ஆய்ந்தவர்களும் 2003-இல் வெளியிட்ட சோதனை என்னை இன்றும் வியக்கவைக்கிறது. 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து 12 முறை விளையாடிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டை நன்றாகப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் திரையிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை. ஒலி காதில் விழுந்தால் மட்டும் போதாது. முகம் பார்த்து ஒருவர் பேச வேண்டும்.

விருந்தோம்பும் வீட்டின் பலம் இதுதான். அதே வீடு ஏமாற்றவும் கூடும். ரஷ்யாவில் குடும்பங்களோடு தங்கிய அமெரிக்க மாணவர்களை விடுதியில் தங்கியவர்களோடு 1998-இல் வில்லியம் ரிவர்ஸ் ஒப்பிட்டார். வீட்டில் தங்கியவர்கள் வாசிப்பில் கூடுதலாக முன்னேறினார்கள், பேச்சில் பின்தங்கினார்கள். தொலைக்காட்சிக்கு முன் சேர்ந்து உட்காருவது உரையாடல் ஆகாது. குடும்பமாகப் போகிறவர்களுக்கு இன்னோர் ஆபத்து, நால்வரும் தங்களுக்குள் தமிழிலேயே பேசித் தீர்த்துவிடுவது. ஸ்பெயினில் வாழ்ந்தபடி ஸ்பானியம் கற்ற, ஆங்கிலம் பேசும் மாணவர்களுக்குத் தாய்மொழிச் சொற்களே தற்காலிகமாக எளிதில் வரவில்லை என்று 2009-இல் ஓர் ஆய்வு கண்டது. புதுமொழிக்கு இடம் விட்டுத் தாய்மொழி சற்று ஒதுங்குகிறது. ஊர் திரும்பியபின் அது மீண்டுவிடும். பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

இந்த டெல்டாவில் தமிழர் பர்மியம் பேசிய வரலாறு நீண்டது. லேவாதேவிக்கு வந்த செட்டியார்கள் பெரும்பாலும் குடும்பத்தைச் செட்டிநாட்டில் விட்டு, மூன்றாண்டு முறையில் தனியாக வந்து ஒன்றாகத் தங்கியவர்கள். ஆனால் குடும்பமாகக் குடியேறிய உழைப்பாளிகளின் பிள்ளைகள் பர்மியரின் பக்கத்திலேயே வளர்ந்தார்கள். 1962 ராணுவப் புரட்சிக்கும் 1964 நாட்டுடைமையாக்கத்துக்கும் பிறகு தமிழகம் திரும்பியவர்களில் பலர் அந்த மொழியையும் கொண்டுவந்தார்கள்.

2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், வீட்டில் இரவு தங்கும் விருந்தினரை அதிகாரிகளிடம் பதிய வேண்டும் என்ற விதி மறுபடி நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று த்வாண்டே குயவர் வீட்டில் தங்குவது இன்று எளிதல்ல. ஆனால் சென்னை பர்மா பஜாரிலோ தமிழகத்தின் பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளிலோ பர்மியம் பேசும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு பாட்டி இருந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். கைபேசியில் பதிவு செய்வதோடு திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பர்மியத்தில் பேசச் சொல்லுங்கள். அவர்கள் தப்பும் தவறுமாகப் பதில் சொல்லட்டும்.