கட்டணம் கேட்காத வாத்தியார்

"டியூஷன் வைக்க வசதி இல்லை." பல வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

இப்போது ஒரு புதிய வாத்தியார் வந்திருக்கிறார். அவருக்குச் சம்பளம் கிடையாது. நள்ளிரவில் கேட்டாலும் பதில் சொல்வார். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் கோபித்துக் கொள்ள மாட்டார். தமிழில் கேட்டால் தமிழில் சொல்வார். ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் சொல்வார்.

அந்த வாத்தியார் ஓர் எந்திரம்! "ஏ.ஐ." என்று எல்லோரும் சொல்லும் செயற்கை அறிவுதான் அது.

இந்த வாத்தியாரை நம்பலாமா? காசு உண்மையிலேயே கிடையாதா? ஏழை மாணவனுக்கு இதனால் என்ன லாபம்?

எப்போது வந்தது?

2022-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி. அன்றுதான் "சாட் ஜி.பி.டி." என்ற எந்திரம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் உள்ள ஓபன் ஏ.ஐ. என்ற கம்பெனி இதைச் செய்தது.

அதன் பிறகு போட்டி தொடங்கியது. கூகுள் கம்பெனி "ஜெமினி"யைக் கொண்டு வந்தது. மைக்ரோசாப்ட் "கோபைலட்"டைக் கொண்டு வந்தது. ஆந்திரோபிக் என்ற கம்பெனி "கிளாட்"டைக் கொண்டு வந்தது.

இவை எல்லாவற்றிலும் இலவசப் பிரிவு ஒன்று உண்டு. கைப்பேசியும் இணைய வசதியும் இருந்தால் போதும். இலவசப் பிரிவில் ஒரு வரம்பு இருக்கும். அந்த வரம்பு தீர்ந்ததும் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எந்திரம் எப்படிப் பேசுகிறது?

"அகத்தின் அழகு" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் வாய் தானாகவே "முகத்தில் தெரியும்" என்று முடிக்கும். பல முறை கேட்டுக் கேட்டுப் பழகியதால் வந்த பழக்கம் அது.

எந்திரமும் இப்படித்தான் பேசுகிறது. கோடிக்கணக்கான பக்கங்களை அதற்குள் செலுத்தி இருக்கிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று அது பழகி வைத்திருக்கிறது. கேள்வி கேட்டதும், பொருத்தமான சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துத் தருகிறது.

இதில்தான் ஓர் ஆபத்தும் இருக்கிறது. விடை தெரியாதபோதும் அது சொற்களைக் கோத்துக்கொண்டே போகும். பொய்யையும் உண்மை போலவே, தயங்காமல் சொல்லும்!

கோர்ட்டில் நடந்த கூத்து

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் இப்படி ஒரு கூத்து நடந்தது. ஒரு வழக்கில் வக்கீல்கள் மனு கொடுத்தார்கள். பழைய தீர்ப்புகள் பலவற்றை அதில் எடுத்துக் காட்டி இருந்தார்கள். நீதிபதி தேடிப் பார்த்தார். அவற்றில் பல தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லை! சாட் ஜி.பி.டி. கற்பனையாகச் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்து விட்டார்கள்.

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் நீதிபதி 5 ஆயிரம் டாலர் அபராதம் விதித்தார்.

சட்டம் படித்த வக்கீல்களே ஏமாந்தார்கள் என்றால், பத்தாம் வகுப்பு மாணவன் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்! எந்திரம் சொல்லும் ஆண்டு, பெயர், கணக்கு விடை எதுவானாலும் பாடப் புத்தகத்தைத் திறந்து ஒரு முறை சரிபார்த்துக் கொள்ள வேண்டும்.

புத்தகத்தையே பேச வைக்கலாம்

தவறைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. கூகுள் கம்பெனியின் "நோட்புக் எல்.எம்." என்ற சாதனம்தான் அது. இதிலும் இலவசப் பிரிவு உண்டு.

இதில் மாணவன் தன் பாடப் புத்தகத்தையே ஏற்றி வைக்கலாம். பிறகு கேள்வி கேட்டால், அந்தப் புத்தகத்தில் இருந்து அது பதில் எடுத்துத் தரும். எந்த இடத்தில் இருந்து எடுத்தது என்றும் காட்டும். தொட்டால் அந்தப் பகுதி வந்து நிற்கும். சரியா தவறா என்று உடனே பார்த்து விடலாம்.

தமிழ்நாட்டின் பள்ளிப் பாட நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பாடத்தை ஏற்றி வைத்து, "இதில் இருந்து 20 கேள்விகள் கேள்" என்று சொன்னால் போதும். வீட்டிலேயே மாதிரிப் பரீட்சை தயார்!

துருக்கியில் ஒரு சோதனை

எல்லாம் சரி. விடையை எந்திரமே சொல்லி விட்டால், மாணவன் எதைப் படிப்பான்?

இந்தக் கேள்விக்கு விடை காண ஒரு சோதனை நடந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை நடத்தினார்கள். இடம், துருக்கி நாட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளி. ஆண்டு 2023. பாடம் கணக்கு. சுமார் ஆயிரம் மாணவர்கள் பங்கு கொண்டார்கள்.

மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். இரண்டாம் பிரிவுக்குச் சாதாரண ஏ.ஐ. எந்திரம். மூன்றாம் பிரிவுக்கும் ஏ.ஐ. எந்திரம்தான். ஆனால் அது விடையைச் சொல்லாது; குறிப்பு மட்டுமே கொடுக்கும்.

பயிற்சிக் கணக்குப் போடும்போது என்ன நடந்தது? எந்திரம் இல்லாதவர்களைவிட இரண்டாம் பிரிவினர் 48 சதவீதம் கூடுதலாக மார்க் வாங்கினார்கள். மூன்றாம் பிரிவினர் 127 சதவீதம் கூடுதலாக வாங்கினார்கள். ஆகா, என்ன முன்னேற்றம்!

பிறகு எந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு பரீட்சை நடத்தினார்கள். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. சாதாரண எந்திரத்தைப் பயன்படுத்திய இரண்டாம் பிரிவினர், எந்திரத்தையே பார்க்காத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக மார்க் வாங்கினார்கள்!

குறிப்பு மட்டும் பெற்ற மூன்றாம் பிரிவினருக்கு அந்த இறக்கம் ஏற்படவில்லை. இந்த ஆராய்ச்சி முடிவு 2025-ம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகப் பத்திரிகையில் வெளிவந்தது.

விடையைக் கேட்டு எழுதியவன் கெட்டான். வழியைக் கேட்டுத் தானே போட்டவன் தப்பினான்.

கேட்கும் முறை

ஆகவே, எந்திரத்திடம் கேட்கும் முறைதான் முக்கியம். மாணவர்கள் இப்படிக் கேட்கலாம்:

"இந்தக் கணக்குக்கு விடை சொல்லாதே. முதல் படியை மட்டும் சொல். மீதியை நான் போடுகிறேன்."

"நான் போட்ட கணக்கு இது. எந்த வரியில் தவறு என்று மட்டும் காட்டு."

"ஓம் விதியை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிவது போல, தண்ணீர்க் குழாயை உதாரணம் காட்டித் தமிழில் சொல்."

"இந்தப் பாடத்தில் பத்து கேள்வி கேள். நான் பதில் எழுதிய பிறகு திருத்து."

"என்னோடு ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசு. தவறாகப் பேசினால் தமிழில் விளக்கு."

கடைசியாகச் சொன்னது தமிழ் வழியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்குப் பெரிய உதவி. வகுப்பில் ஆங்கிலம் பேசக் கூச்சமாக இருக்கும். எந்திரத்தின் முன் கூச்சம் எதற்கு?

காசு விஷயம்

இனி காசு விஷயத்துக்கு வருவோம்.

2025-ம் ஆண்டில் சாட் ஜி.பி.டி.யின் "பிளஸ்" பிரிவுக்கு இந்தியாவில் மாதம் 1,999 ரூபாய் கட்டணம். அரசு பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போன பெண்களுக்காக 2022-ம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய "புதுமைப்பெண்" திட்டத்தில் மாத உதவித்தொகை ஆயிரம் ரூபாய். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மாத உதவித்தொகையை ஒரே மாதத்தில் எந்திரம் விழுங்கி விடும்!

பள்ளிப் படிப்புக்கும் சாதாரணக் கல்லூரிப் படிப்புக்கும் இலவசப் பிரிவே பெரும்பாலும் போதும். ஒன்றின் வரம்பு தீர்ந்தால் மற்றொன்றில் கேட்கலாம்.

"ஓர் ஆண்டு இலவசம்" என்ற அறிவிப்புகளும் வருவது உண்டு. 2025-ம் ஆண்டு கூகுள், இந்தியக் கல்லூரி மாணவர்களுக்கு இப்படி ஒரு சலுகை கொடுத்தது. அதே ஆண்டு நவம்பர் மாதம் ஓபன் ஏ.ஐ. கம்பெனியும், மாதம் 399 ரூபாய் வாங்கி வந்த "கோ" பிரிவை இந்தியர்களுக்கு ஓர் ஆண்டு இலவசமாகக் கொடுத்தது.

இத்தகைய சலுகை வந்தால் வாங்கிக் கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில சலுகைகளில் கார்டு எண்ணோ யு.பி.ஐ. அனுமதியோ கேட்பார்கள். கெடு முடிந்ததும் அப்பாவின் கணக்கில் இருந்து பணம் தானாகவே போய்விடும்! முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, முன்னதாகவே ரத்து செய்துவிட வேண்டும்.

ஒரே போன் உள்ள வீடு

பல வீடுகளில் ஒரே போன்தான் இருக்கிறது. அதை அப்பா காலையில் வேலைக்கு எடுத்துப் போய் விடுகிறார். என்ன செய்வது?

பகலில் வரும் சந்தேகங்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைக்கலாம். இரவு போன் வந்ததும் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக் கொள்ளலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எழுதி வைத்த பத்து சந்தேகங்களில் இரண்டு மூன்று, எழுதும்போதே தீர்ந்து போகும்!

பெற்றோர்களுக்கு

சாட் ஜி.பி.டி.யைப் பயன்படுத்த 13 வயது நிறைந்திருக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். இது கம்பெனியின் விதி.

ஆதார் எண், வங்கி எண், ஓ.டி.பி., வீட்டு விலாசம், குடும்பப் படங்கள் ஆகியவற்றை எந்திரத்திடம் கொடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

படிக்காத பெற்றோரும் பிள்ளையைக் கண்காணிக்க முடியும். "எந்திரம் என்ன சொன்னது? புத்தகத்தை மூடிவிட்டு எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை தன் சொந்தப் பேச்சில் விளக்கினால் படித்திருக்கிறான். விழித்தால், பார்த்து எழுதி இருக்கிறான்!

பரீட்சை மண்டபத்துக்குள் போனை விடமாட்டார்கள். அங்கே மாணவனுக்குத் துணை அவன் தலையில் ஏறிய பாடமும், கையில் உள்ள பேனாவும்தான். அந்த மூன்று மணி நேரத்தை நினைத்துக்கொண்டு எந்திரத்திடம் கேட்டால், இலவச வாத்தியாரால் நன்மை உண்டு.