மதமாற்றத் தடைச் சட்டம்: 2004-இல் போனது எது, போகாதது எது?

தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் ஒன்று இருந்தது என்பதே பலருக்கு இன்று மறந்திருக்கும். 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு அதை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, அந்த மாதக் கடைசியிலேயே பேரவையில் நிறைவேற்றியது. கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். மாறியவர் பெண், சிறார், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால் 4 ஆண்டு, ஒரு லட்சம். சடங்கை நடத்துபவர் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டும்.

மேலோட்டமாகப் படித்தால் இதில் என்ன தப்பு என்றுதான் தோன்றும். சிக்கல் விளக்கப் பிரிவில் இருந்தது. தெய்வ கோபம் வரும் என்று அச்சுறுத்துவதும் கட்டாயத்தில் அடக்கம். பணமோ பொருளோ தருவது ஆசை காட்டலில் அடக்கம். வட சென்னையின் கொடுங்கையூரில் இதைப் பொருத்திப் பாருங்கள். கண்ணதாசன் நகர், முத்தமிழ் நகர் பக்கம் மொட்டை மாடியில் ஷீட் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி நடக்கிற சின்னச் சின்ன சபைகள். பாஸ்டர் நரகத்தைப் பற்றிப் பிரசங்கிப்பார். மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் சபையிலிருந்து அரிசியும் பாயும் போகும். பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்கு நோட்டு போகும். வாங்கியவர் அடுத்த வருஷம் ஞானஸ்நானம் எடுத்தால், அந்த அரிசி உதவியா, ஆசை காட்டலா? முதலில் முடிவு செய்வது காவல் நிலையம்.

சட்டம் போனது தேர்தலால். 2004 மக்களவைத் தேர்தலில் அதிமுக–பாஜக கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் தோற்றது. கொடுங்கையூர்க்காரர்கள் வாக்களிக்கும் வட சென்னையில் திமுக வென்றது. முடிவு வந்த சில நாட்களில் விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் திரும்ப வந்தது, அரசு ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் ரத்தாயின, அந்த வரிசையில் இந்தச் சட்டத்தையும் கைவிடுவதாக ஜெயலலிதா அறிவித்தார். வாக்குக் கணக்கு கொண்டுபோன சட்டத்தை வாக்குக் கணக்கே திரும்பக் கொண்டுவரலாம். அச்சம் மிச்சமிருப்பது அதனால்தான்.

அரசமைப்பு நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் மதத்தைப் பரப்பும் உரிமை விவாதத்துக்கு வந்தபோது, சென்னையிலிருந்து போன டி.டி.கிருஷ்ணமாச்சாரி அதை ஆதரித்தார். கிறிஸ்தவ நிறுவனங்களில் நெடுங்காலம் படித்தும் தம்மை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்றார். உரிமை 25-ஆம் பிரிவில் ஏறியது. ஆனால் 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை சேராது என்று கூறி, மத்தியப் பிரதேச, ஒடிசா சட்டங்களை ஏற்றது. குஜராத், உத்தரப் பிரதேசச் சட்டங்களுக்கு அந்தத் தீர்ப்பே பலம். 2025 ஜூலையில் சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் கேரளக் கன்னியாஸ்திரிகள் இருவர் கைதானபோது, ஆள்கடத்தல் புகாரோடு அந்த மாநில மதமாற்றச் சட்டமும் சேர்ந்துகொண்டது.

அதே கேரளத்தில்தான் 2024-இல் திருச்சூரை பாஜகவின் சுரேஷ் கோபி வென்றார். குடும்பம், மதம் கடந்த காதல் குறித்து அங்குள்ள சில ஆயர்களும் பாஜகவும் ஒரே குரலில் பேசினார்கள். வாக்குப்பதிவுக்கு முன் இடுக்கி மறைமாவட்டம், மதம் கடந்த காதலை மதமாற்றச் சதியாகக் காட்டும் 'தி கேரளா ஸ்டோரி' படத்தை மறைக்கல்வி மாணவர்களுக்குத் திரையிட்டது. தேர்தலுக்குப் பின் கேரளக் கிறிஸ்தவரான ஜார்ஜ் குரியன் மத்தியில் சிறுபான்மையினர் நல இணையமைச்சரானார். வட சென்னையில் அந்த நெருக்கம் வேர் பிடிக்கவில்லை. குடி, திருமணம், மணவிலக்கு விஷயத்தில் இங்குள்ள சபைகளும் கண்டிப்பானவைதான். ஆனால் சபைக்கு வரும் தலித் குடும்பத்தின் முதல் கவலை ஜாதிச் சான்றிதழ்.

1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலுக்குப் போக வேண்டும். சான்றிதழில் 'இந்து ஆதிதிராவிடர்', ஞாயிற்றுக்கிழமை சபை என்று வாழும் வீடுகள் இங்கே உண்டு. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்புக்குச் செய்யும் மோசடி என்றது. அந்தத் தர்க்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஞானஸ்நானத்தோடு சாதி போய்விடுவதில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நிற்கும் சுவரே சாட்சி; அது திருச்சபை வெட்கப்பட வேண்டிய சுவர். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே 1950 ஆணையில் மாற்றம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழகப் பேரவை 2023 ஏப்ரலில் தலித் கிறிஸ்தவர்களுக்கும் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது.

அடுத்த தேர்தலில் வேட்பாளர்கள் சபைக்கு வருவார்கள், ஜெபத்தில் தலை குனிந்து நிற்பார்கள். மதமாற்றத் தடைச் சட்டத்தை மீண்டும் வரவிடமாட்டீர்களா, 1950 ஆணையைத் திருத்த நாடாளுமன்றத்தில் எழுந்து பேசுவீர்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.