தெமட்டகொடையும் பெருந்தொற்றும்



மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பது நம்மவர் வழக்கு. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனாப் பெருந்தொற்றைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்த வழக்கே என் நினைவுக்கு வருகின்றது. 2020 மார்ச் 11ஆந் திகதி உலகச் சுகாதார நிறுவனம் அதனைப் பெருந்தொற்று எனக் கூறிற்று. 2023 மே 5ஆந் திகதி, உலகளாவிய அவசரநிலை முடிந்தது எனவும் அந்நிறுவனமே அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் இலங்கையில் மட்டும் 16,000 பேருக்கு மேல் அந்நோயினால் உயிரிழந்தனர். மழை ஓய்ந்தது. ஆயினும் அதன் தூவானம் நம் வீடுகளிலும் தொழில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கின்றது. அதனை உலகம் முழுவதற்குமாகப் பேசப் புகுந்தால் பேச்சு காற்றிலே கலைந்துவிடும். ஆதலால் தெமட்டகொடை என்னும் ஒரே ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே நின்று பார்ப்போம்.

தெமட்டகொடை கொழும்பு மாநகரின் ஒன்பதாம் அஞ்சல் வலயம். மருதானைக்கும் பொரளைக்கும் அண்மையில், பேஸ்லைன் வீதியின் இருமருங்கும் பரந்து கிடப்பது. புகையிரத இயந்திரங்கள் தங்கிச் செல்லும் கொட்டகையும், அழுக்கு நீர் தேங்கிய கால்வாயும், பள்ளிவாசலும் பன்சலையும் கோவிலும் அங்கே அருகருகே இருக்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே ஒழுங்கையில் வாழ்கின்றனர். கொழும்பில் 'தோட்டம்' என்றால் மரஞ்செடிகள் நிறைந்த இடம் என்று வெளியூரார் எண்ணலாம். சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகளின் கூட்டத்துக்கே இந்நகரத்தார் அப்பெயரை வழங்குகின்றனர். அத்தகைய தோட்டங்கள் பல இங்குண்டு. அவற்றிலிருந்து மக்களை எடுத்துக் குடியமர்த்திய தொடர்மாடிகளும் உண்டு. மிஹிந்துசென்புர அத்தகையதொன்று.

நோய் வந்தபோது அரசாங்கங்கள் உலகெங்கும் கூறிய அறிவுரைகள் மூன்று: வீட்டில் இருங்கள், ஒருவருக்கொருவர் ஒரு மீற்றர் தூரம் விலகி நில்லுங்கள், கைகளை அடிக்கடி சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். நோய் மூச்சுக் காற்றின் வழியே பரவுவது. எனவே இவை தக்க அறிவுரைகளே. ஆனால் இவ்வறிவுரைகளுக்குள்ளே ஒரு வீடு மறைந்திருக்கின்றது என்பதைக் கவனியுங்கள். அந்த வீட்டில் நோயாளிக்குத் தனியறை உண்டு, சன்னல் உண்டு, குழாய் வீட்டுக்குள்ளேயே உண்டு. பத்தடிக்குப் பத்தடி அறையொன்றில் ஆறு பேர் உறங்கும் குடும்பத்துக்கு விலகி நிற்க இடமேது? பொதுக் குழாயடிக்கும் பொது மலசலகூடத்துக்கும் வரிசையில் நிற்பவர்க்கு, வீட்டில் இரு என்ற கட்டளை எவ்வாறு பொருந்தும்? அவர்கள் சட்டத்தை மீறவில்லை. சட்டம் அவர்களுடைய வீட்டை அறிந்திருக்கவில்லை.

2020 மார்ச் 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. கொழும்பில் அது மே மாத இறுதிவரை நீடித்தது. மாதச் சம்பளம் பெறுவோர் வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்யக் கற்றுக்கொண்டனர். ஆனால் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைக்கும், முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கும், வீடுகளில் துணி துவைக்கும் பெண்ணுக்கும் வெளியே போனால்தான் வேலை. ஏப்ரலிலும் மே மாதத்திலும் வறிய குடும்பங்களுக்கு 5,000 ரூபா வீதம் கொடுக்கப்பட்டது. அது உதவியே, எனினும் வாடகை, அரிசி, பால்மா, மருந்து என்று பங்கிட்டால் எத்தனை நாளுக்குப் போதும் என்பதை இல்லத்தரசிகள் நன்கறிவர்.

அவ்வாண்டு ஒக்டோபரில் இரண்டாம் அலை எழுந்தது. பேலியகொடை மீன் சந்தையிலே பலருக்கு நோய் கண்டதும், வடகொழும்பின் பொலிஸ் பிரிவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மாத இறுதிக்குள் தெமட்டகொடையும் மருதானையும் அடைபட்டன. கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வேளை அது. மாணவர்கள் பரீட்சை அனுமதி அட்டையையே ஊரடங்கு அனுமதிப் பத்திரமாகக் காட்டி, வெறிச்சோடிய தெருக்களில் நடந்துபோய்ப் பரீட்சை எழுதினர்.

இனி, தெமட்டகொடையின் பெயர் நாடெங்கும் ஒலித்த ஒரு நிகழ்ச்சிக்கு வருவோம். 2021 ஜூன் நடுப்பகுதியில், ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், டெல்டா எனப்படும் வேகமாகப் பரவும் வகைக் கிருமி இலங்கையின் பொதுமக்களிடையே பரவியிருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். தெமட்டகொடையின் ஆராமய பகுதியைச் சேர்ந்த ஐவரிடமிருந்து பெற்ற மாதிரிகளிலேயே அது காணப்பட்டது. உடனே அப்பகுதி தனிமைப்படுத்தப்பட்டது. மறுநாட் செய்திகளில் எல்லாம் தெமட்டகொடை, தெமட்டகொடை என்ற பெயரே அடிபட்டது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஒரு கிருமியின் வகையைச் சாதாரணப் பரிசோதனையால் அறிய இயலாது. அதன் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்க்க வேண்டும். செலவும் காலமும் மிக்க அவ்வேலையை எல்லா மாதிரிகளிலும் செய்ய முடியாது. சிலவற்றைத் தேர்ந்தே செய்வர். இருட்டறையில் விளக்கை எந்த மூலையில் பிடிக்கின்றோமோ அந்த மூலையிலுள்ள பொருளே முதலிற் கண்ணிற் படும். அதனால் அப்பொருள் அம்மூலையில் மட்டுமே உள்ளது என்றாகாது. அங்கேதான் பிறந்தது என்றும் ஆகாது. நோய் முதலிற் காணப்பட்ட இடம் வேறு, நோய் தோன்றிய இடம் வேறு.

1918ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சலுக்கு 'ஸ்பானியக் காய்ச்சல்' என்று பெயர் வந்த கதையும் இதுவே. முதலாம் உலகப் போரில் ஈடுபட்ட நாடுகள் தம் பத்திரிகைகளில் நோய்ச் செய்தி வராமல் தணிக்கை செய்தன. போரிற் சேராத ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகைகள் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதின. உண்மையைச் சொன்ன நாட்டின் தலையில் நோயின் பெயர் விழுந்தது. இத்தகைய பழி ஊர்களின் மேல் விழலாகாது என்பதனாலேயே, 2021 மே 31ஆந் திகதி உலகச் சுகாதார நிறுவனம் கிருமி வகைகளுக்குக் கிரேக்க எழுத்துக்களின் பெயர்களை இட்டது. பெயர் மாறினாலும் மனம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. வேலை கேட்டுப் போகுமிடத்தில் தம் முகவரியைச் சொல்லத் தயங்குவது, நோயினும் நெடுநாள் நீடிக்கும் நோயாகும்.

டெல்டா அலை ஓகஸ்டில் உச்சத்தை அடைந்தது. அம்மாத இறுதியில் ஒரே நாளில் 200 பேருக்கு மேல் இறந்த நாட்களும் உண்டு. ஓகஸ்ட் 20ஆந் திகதி இரவு முதல் ஒக்டோபர் முதலாந் திகதி வரை நாடு மீண்டும் மூடப்பட்டது. 2021 ஜனவரி 29ஆந் திகதி தொடங்கிய தடுப்பூசி வேலை அதற்குள் விரைவடைந்திருந்தமையால் பின்னர் மரணங்கள் படிப்படியாகக் குறைந்தன.

நேயர்களே, நோயின் கதை இவ்வளவுதான். அது விட்டுச் சென்றவை யாவை?

முதலாவது, தொழில். ஊரடங்கின்போது மரக்கறியும் மீனும் லொறியில் வீட்டு வாசலுக்கு வந்தன. கைத்தொலைபேசியில் சொன்னால் சமைத்த உணவும் வந்தது. ஊரடங்கு நீங்கிற்று, அப்பழக்கம் நீங்கவில்லை. முன்னே கடையிலும் பட்டறையிலும் நின்ற இளைஞர் பலர் இன்று முதுகில் பெட்டி கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பிறருடைய உணவைச் சுமந்து ஓடுகின்றனர். வேலை உண்டு, ஆனால் கூப்பிட்டால்தான் கூலி. நோயுற்ற நாளுக்குச் சம்பளம் இல்லை. பெருந்தொற்று நமக்குக் கற்பித்த முதற் பாடம், நோயாளி வீட்டில் ஓய்வெடுக்க வேண்டும் என்பதன்றோ? அந்தப் பாடத்துக்கு நேர்மாறான தொழில் அதே பெருந்தொற்றினால் வளர்ந்திருக்கின்றது. நோயை அடுத்து 2022இல் வந்த பொருளாதார வீழ்ச்சியில், செப்டெம்பர் மாதம் கொழும்பின் விலைவாசி ஒரு வருடத்துக்கு முந்தியதைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. முதல் அடியில் நகையை அடகு வைத்த குடும்பத்துக்கு, இரண்டாம் அடியைத் தாங்க வீட்டில் எஞ்சியிருந்தது என்ன?

இரண்டாவது, கல்வி. 2020 மார்ச் 13ஆந் திகதி பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக ஈராண்டுகள் சென்றன. பாடங்கள் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் நடந்தன. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், தொலைபேசி ஒன்று. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். அப்போது பின்தங்கிய பிள்ளை இன்றும் அந்த இடைவெளியைச் சுமக்கின்றது. பரீட்சைகளின் காலங்களும் புரண்டன. ஓகஸ்டில் நடந்துவந்த உயர்தரப் பரீட்சையில், 2021ஆம் ஆண்டுக்குரியது 2022 பெப்ரவரியிலும், 2022ஆம் ஆண்டுக்குரியது 2023 ஜனவரியிலும், 2023ஆம் ஆண்டுக்குரியது 2024 ஜனவரியிலும் நடந்தன. பணக்காரப் பிள்ளைக்கு இது காத்திருப்பு. வறிய வீட்டுப் பிள்ளைக்கோ, அந்தச் சில மாதங்களில் ஏதேனும் வேலைக்குப் போய், பின்பு புத்தகத்திடம் திரும்பாமலே போய்விடும் அபாயம்.

மூன்றாவது, மரணம். வாழ்வில் நேர்ந்த மாற்றங்களுக்குள்ளே மனத்தை மிகவும் வருத்தியது இதுவே. 2020 ஏப்ரலில், இந்நோயால் இறந்தோர் உடல்கள் எரிக்கப்படவே வேண்டும் என்ற விதி வர்த்தமானியில் வெளிவந்தது. அடக்கம் செய்தாலும் தீங்கில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அவ்விதி நீடித்தது. இறந்தோரை அடக்கம் செய்வதைச் சமயக் கடமையாகக் கொண்ட முஸ்லிம்களுக்கும், அடக்கத்தையே விரும்பிய கிறிஸ்தவர்களுக்கும் அது ஆறாப் புண்ணாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து இருபது நாளே ஆன சிசுவின் உடலும் எரிக்கப்பட்டபோது, பொரளை மயானத்தின் வேலியிலே மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினர். அவற்றைக் கட்டியவர் ஒரு சமயத்தார் மட்டுமல்லர். 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாற்றப்பட்டது. மார்ச் 5ஆந் திகதி முதல் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கங்கள் நிகழ்ந்தன. கொழும்பில் இறந்தவரின் கல்லறையைக் காண நாடு கடந்து கிழக்குக்குப் போகவேண்டிய குடும்பங்கள் இன்றும் உள்ளன. 2024 ஜூலையில் அமைச்சரவை அதற்கு மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு நல்லதே, அது வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின.

மற்றையோர் இல்லங்களிலும் செத்த வீட்டின் முறை மாறிற்று. இரண்டு மூன்று நாள் வீட்டில் உடலை வைத்து, ஊர் கூடி விழித்திருந்த வழக்கம் குறைந்து, மலர்ச்சாலையில் சில மணி நேரம் வைத்து எடுத்துச் செல்வது பெருகியது. கனடாவிலும் இலண்டனிலும் உள்ள மக்கள் கைத்தொலைபேசித் திரையில் இறுதிக் கிரியையைக் காண்பது வழக்கமாயிற்று. வரமுடியாதவர்க்கு அது ஆறுதல். ஆனால் தோளில் கைவைத்துத் தேற்றுவதற்குத் திரையில் இடமில்லை.

நல்லனவும் சில உண்டு. அடைபட்ட ஒழுங்கைகளில், நோன்புக் கஞ்சியும் பொங்கலும் சோற்றுப் பொதியும் சுவருக்குச் சுவர் கைமாறின. நோய் கண்ட வீட்டின் வாசலில் அரிசியை வைத்துவிட்டு, எட்ட நின்று குரல் கொடுத்துச் சென்ற அயலவர் எல்லாத் தோட்டங்களிலும் இருந்தனர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்றால் அபராதம் விதிப்பவர் என்று எண்ணியிருந்தோர், அவரும் தாதியரும் பட்ட பாட்டைக் கண்ணாரக் கண்டனர்.

இறுதியாகப் பழைய செய்தி ஒன்றைக் கூறி முடிக்க விரும்புகின்றேன். 1914ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பில் கொள்ளைநோய் புகுந்தது. அதுவும் உலகைச் சுற்றிவந்த பெருந்தொற்றே. எலியும் தெள்ளும் பரப்பிய அந்நோயின் பின்னர், அரிசிக் களஞ்சியங்களை எவ்வாறு கட்டுவது, நெருங்கிய வீடுகளுக்கு வெளிச்சமும் காற்றும் எவ்வாறு வருவது என்று நகரத்தார் சிந்தித்தனர். 1915இல் வீடமைப்பு, நகர மேம்பாடு பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. வீதியின் அகலமும் சன்னலின் அளவும் சட்டத்தின் கண்ணிற் பட்டன.

நம் காலத்து நோய் மூச்சுக் காற்றால் பரவியது. அப்படியாயின், அதன்பின் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் காற்றைப் பற்றியதே. தோட்டத்து வீட்டுக்கு இன்னொரு சன்னல் வைத்தோமா? தொடர்மாடியின் நடைவழியில் காற்றோட்டம் செய்தோமா? பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய் என்பதை மாற்றினோமா? முகக்கவசத்தைக் கழற்றிவிட்டோம், கைகழுவும் வாளிகளும் கடைவாசல்களிலிருந்து மறைந்தன. அவை போகட்டும். சன்னலில்லாத அறை மட்டும் அப்படியே இருக்குமானால், அடுத்த தொற்று வரும் நாளிலும் வீட்டில் இருங்கள் என்றே சொல்லப்போகின்றோம்; எந்த வீட்டில் என்று தெமட்டகொடையின் தாய் அன்றும் கேட்கப்போகின்றாள். அவளுக்குச் சொல்லவேண்டிய விடையை நோயில்லாத இந்நாளிலேயே தேடிவைப்பது நம் கடன்.