போதை மீட்புச் சிகிச்சையில் ஆண், பெண் வேறுபாடு

புணே நகரின் கேம்ப் பகுதியிலிருந்து ஆற்றைக் கடந்தால் எரவாடா. அங்கு டாக்டர் அனிதா அவசட்டும், அவர் கணவரும் மராத்தி எழுத்தாளருமான அனில் அவசட்டும் 1986-இல் நிறுவிய முக்தாங்கண் மறுவாழ்வு மையம், குடிக்கும் போதைப் பொருள்களுக்கும் அடிமையானோருக்குச் சிகிச்சை அளித்து வருகிறது. பெண்களுக்கென ‘நிஷிகந்த்’ என்னும் தனிப் பிரிவு பின்னாளில் தோன்றியது. இத்தனிப் பிரிவு ஏன் தேவைப்பட்டது?

2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மது அருந்துவோர் ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். எண்ணிக்கை குறைவு என்பதால் தேவையும் குறைவு எனக் கருதுதல் தவறு. பெண்ணின் உடலில் நீரின் விகிதம் குறைவாதலால், அதே அளவு மது அவரது இரத்தத்தில் கூடுதலாகச் செறிகிறது. ஈரலும் விரைவில் கெடுகிறது. குடிக்கும் கணவனைச் சிகிச்சைக்கு அழைத்து வர மனைவி இருக்கிறாள். குடிக்கும் மனைவியையோ குடும்பம் மறைத்து வைக்கிறது. குழந்தைகளை யாரிடம் விட்டு வருவது என்பதும் அவளுக்குத் தடையே.

தன்பால் ஈர்ப்புடையோர், திருநங்கையர் ஆகியோரிடத்தும் போதைக்குக் காரணம் அவர்களது இயல்பன்று. புறக்கணிப்பும் அச்சமுமே அதற்குத் தூண்டுகோலாகின்றன. வயது வந்தோரின் தன்பால் உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018-இல்தான். எனினும் திருநங்கை ஒருவரை எப்பிரிவில் சேர்ப்பது என்னும் தயக்கம் எழுமிடத்தில் சிகிச்சை வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

பெண் ஆலோசகர்கள், குழந்தைப் பராமரிப்பு, இரகசியப் பாதுகாப்பு, ஊழியர் பயிற்சி ஆகியவை சலுகைகளல்ல, சிகிச்சையின் உறுப்புகளே. கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண் 14446 அனைவருக்கும் பொது. அதனை அடுத்துத் திறக்கும் கதவும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.