கழுத்தை எடுக்காமல் கருவேலம் போகாது

வயலில் இறங்கும் இயந்திரங்கள் – 11

போன வாரம் பவர் வீடரைப் பற்றி எழுதியதும், ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கைப் பக்கத்து வாசகர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். “எங்கள் நிலத்தில் களை இல்லை, காடே இருக்கிறது. அதற்கு என்ன மிஷின்?” அவர்கள் சொல்லும் காடு சீமைக்கருவேலம். இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. ஒரே நிலத்தை இரண்டு முறை காசு கொடுத்துச் சுத்தம் செய்தவன் நான்.

பரமக்குடிக்குத் தெற்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். அப்பா படுத்த பிறகு பன்னிரண்டு வருடம் ஏர் போகவில்லை. வரப்பு எது, வயல் எது என்று தெரியாத அளவுக்கு முள் மூடிவிட்டது. முதல் முறை ஜேசிபி வைத்தேன். வாடகைக்கு விட்டவர் “ரெண்டு நாள்ல பளிங்கு மாதிரி ஆக்கித் தர்றேன்” என்றார். ஆக்கியும் தந்தார். மூன்றாம் நாள் காலையில் வெறும் மண்ணாகக் கிடந்த நிலத்தைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. ஐப்பசியில் மழை விழுந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் நிலம் முழுக்கப் பச்சை. ஒரு மரம் நின்ற இடத்தில் ஆறு குச்சி, ஏழு குச்சி. காசு கொடுத்து மரத்தைக் கவாத்து பண்ணியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

ஏன் இப்படி ஆகிறது? சீமைக்கருவேலத்தின் உயிர் கிளையிலும் இல்லை, ஆழத்து வேரிலும் இல்லை. தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குக் கீழே ஏறக்குறைய ஓரடி வரைக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. கரிமூட்டம் போடுகிறவர்கள் அதைத் தூர் என்பார்கள். இரண்டாம் முறை சுத்தம் செய்ய வந்த ஆப்பரேட்டர் தம்பி ‘கழுத்து’ என்றான். அந்தச் சொல்லே எனக்குப் பிடித்துவிட்டது. உறங்கும் மொட்டுகள் எல்லாம் அந்தக் கழுத்தில்தான் இருக்கின்றன. மேலே வெட்டினால் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஜேசிபியின் முன் பக்கெட் தள்ளிக்கொண்டு போகும்போது மரம் தரைமட்டத்தில் முறிகிறது. கழுத்து மண்ணுக்குள் பத்திரமாக இருந்துவிடுகிறது. மேலே மண் இழுபட்டு மூடுவதால் நம் கண்ணுக்கும் தெரிவதில்லை.

“இதன் வேர் பாதாளம் வரை போகும், எடுக்கவே முடியாது” என்று ஊரில் சொல்வார்கள். வேர் ஆழமாகப் போவது உண்மைதான். அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது, இந்தக் குடும்பத்து மரம் ஒன்றின் வேரை ஐம்பது மீட்டருக்கும் கீழே கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஐம்பது மீட்டர் நமக்குக் கவலையே இல்லை. கழுத்துக்குக் கீழே அறுபட்ட வேர் திரும்பத் துளிர்க்காது, மண்ணுக்குள்ளேயே மக்கிப்போகும். நமக்கு வேண்டியது முதல் ஓரடி மட்டும். எந்த மிஷின் என்ற கேள்விக்கான விடையும் இந்த ஓரடியில்தான் இருக்கிறது.

சக்தி அதிகமுள்ள மிஷினைத் தேடாதீர்கள். தூரைச் சுற்றி ஓரடி ஆழம், பக்கத்து வரப்பைத் தொடாமல், மேல்மண்ணை வாரிக்கொண்டு போகாமல் தோண்டக்கூடியது எது என்று பாருங்கள். என் அனுபவத்தில் அது ரப்பர் டிராக் போட்ட மூன்று டன் அளவு மினி எக்ஸ்கவேட்டர். ஊர் வழக்கில் மினி ஹிட்டாச்சி; எந்தக் கம்பெனி மிஷினாக இருந்தாலும் அதே பெயர்தான். ஜேசிபி ஏழரை டன் எடை, ஏழு அடிக்கு மேல் அகலம். மினி ஏறக்குறைய ஐந்து அடிக்குள் அடங்கும். வண்டிப் பாதையிலும் இரண்டு பனைக்கு நடுவிலும் நுழையும். எடை டிராக் முழுவதும் பரவுவதால் மண்ணை அதிகம் இறுக்காது. இன்னொரு காரணம் முள். கருவேல முள் டயரைப் பதம் பார்க்கும். முதல் முறை வந்த ஜேசிபி இரண்டு நாளில் மூன்று பஞ்சர் பார்த்தது. டிராக்குக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் சாய்வாக வெட்டிய கூர்முனைக் கட்டைகளின் மேல் ஏறி நின்ற இடத்திலேயே திரும்பினால் ரப்பர் கிழியும், டிராக்கும் கழன்றுவிடும். மிஷின் திரும்பும் இடத்தை முதலில் சுத்தமாக்கிக்கொள்ள வேண்டும்.

மினியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஜேசிபி தானே ரோட்டில் ஓடி வந்துவிடும். மினியை லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். ஏற்றிறக்கு கூலி தனி. அதனால் அரை ஏக்கருக்காக மட்டும் கூப்பிட்டால் கட்டாது. நாங்கள் பக்கத்து நிலத்துக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரே லாரியில் வரவழைத்தோம். பேசும்போது மணிக்கணக்கு எப்போது தொடங்குகிறது, மீட்டர் மணியா கடிகார மணியா, டீசல் யாருடையது என்ற மூன்றையும் முதலிலேயே கேளுங்கள். பக்கெட் அகலத்தையும் கேளுங்கள். வாய்க்கால் வெட்டும் அகல பக்கெட்டோடு வந்தால் குழி பெரிதாகும், மண் வீணாகும். ஓரடி அகல பக்கெட், பல் தேயாமல் இருக்க வேண்டும்.

தூர் எடுக்கும் முறையை ஒரு மரத்தை வைத்தே சொல்கிறேன். தொடைப் பருமன் உள்ள ஒரு மரம். முந்தைய நாளே ரம்ப மிஷினால் கிளைகளைக் கழித்து, தண்டை இடுப்பு உயரத்துக்கு விட்டு வெட்டியிருந்தோம். இது முக்கியம். தரையோடு வெட்டினால் தூரைப் பிடித்து ஆட்ட ஒன்றும் இருக்காது. மூன்று அடித் தண்டுதான் கடப்பாரை மாதிரி நெம்பக் கைகொடுக்கும். மினி நேராக வந்து நின்றது. முன்னால் இருக்கும் பிளேடைத் தரையில் அழுத்தினான் தம்பி. தண்டிலிருந்து ஓரடி தள்ளி பக்கெட் பல்லைச் செங்குத்தாக இறக்கி, மூன்று பக்கமும் பக்கவேர்களை அறுத்தான். கயிறு தெறிப்பதுபோல ஒவ்வொரு வேரும் சத்தம் போட்டு அறுந்தது. பிறகு பக்கெட்டைத் தண்டின் மேல்பகுதியில் வைத்து அறுக்காத பக்கம் பார்த்து மெல்லத் தள்ளினான். தூர் பாதி எழுந்தது. “அண்ணே, இப்பவே புடுங்கிரலாம். ஆனா கழுத்து பிஞ்சு உள்ள நின்னுரும். கொஞ்சம் பொறுங்க” என்று கீழே இன்னொரு முறை பல்லைக் கொடுத்தான். வெளியே வந்த தூரைத் தூக்கி இரண்டு தட்டு தட்டியதும் மண் எல்லாம் குழிக்குள்ளேயே திரும்ப விழுந்தது. மொத்தம் நான்கு நிமிடம். குழிக்குள் குனிந்து பார்த்தேன். அறுந்த வேர்முனைகள் ஓரடிக்கும் கீழே நின்றன.

அந்த இரண்டாவது தோண்டலை விடுகிற ஆப்பரேட்டர் ஒரு நாளில் இரட்டிப்பு மரம் எடுப்பான். அடுத்த மழையில் அத்தனையும் முளைக்கும். மணிக்கணக்கில் வாடகை பேசினாலும் அவனை அவசரப்படுத்தாதீர்கள்.

மினி சின்ன மிஷின். டிராக் நீளவாக்கில் உறுதியாக நிற்கும், பக்கவாட்டில் சாயும். பெரிய தூரைப் பக்கவாட்டில் இழுக்கவிடக் கூடாது. கருவேலத்தின் பொடி இலை வேறு ரேடியேட்டர் இடுக்குகளில் மாவு மாதிரி அடைத்துக்கொள்ளும். மதியச் சாப்பாட்டு வேளையில் ஒருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் சாயங்காலத்துக்குள் எஞ்சின் கொதிக்கும்.

சிலர் வீட்டு டிராக்டரிலேயே சங்கிலி கட்டி இழுக்கிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்: சங்கிலியைப் பின்னால் தாழ்ந்திருக்கும் இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்டலாம். அதற்கு மேலே, பின் அச்சிலோ டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ மாட்டி இழுத்தால், தூர் அசையாதபோது டிராக்டரின் முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழும். கிளட்ச்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. இழுத்துப் பார்க்கலாமே என்ற ஆசைக்கு உயிரைக் கொடுக்க வேண்டாம்.

ரம்ப மிஷினுக்கும் ஒரு வார்த்தை. சங்கிலி கூராக இருந்தால் சீவலாகக் கொட்டும். தூளாகக் கொட்டினால் அரம் போட வேண்டும் என்று பொருள். மண் ஒட்டிய அடிமரத்தில் வைத்தால் ஒரே நொடியில் மொக்கையாகிவிடும். ரம்ப நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் முகத்தை நோக்கித் தூக்கியடிக்கும். முள் அடர்ந்த மரத்தில் நுனி எங்கே போகிறது என்று தெரியாது என்பதால் முதலில் அரிவாளால் வழி செய்துகொள்ளுங்கள். கண்ணாடி இல்லாமல் தொடவே வேண்டாம்.

எதை வெட்டக் கூடாது என்பதை மிஷின் வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஆப்பரேட்டருக்கு எல்லாம் முள்மரம்தான். எங்கள் நிலத்தில் நாட்டுக் கருவேலம் பதினொன்றும், குடை மாதிரி விரிந்த உடை மரம் மூன்றும் இருந்தன. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, நெற்று மணி கோர்த்ததுபோல் இருக்கும். சீமைக்கருவேலத்துக்குப் பூ நீளக் கதிராகத் தொங்கும். சந்தேகமில்லாமல் பார்த்து, காப்பாற்ற வேண்டிய மரங்களுக்கு இடுப்பு உயரத்தில் சுண்ணாம்பு அடித்தேன். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 முதல் அரசு சொல்கிறது. அனுமதி கிடைத்தாலும் வெட்ட மனம் வராது.

சீமைக்கருவேலம் காமராசர் காலத்தில் வந்தது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 1870களிலேயே வெள்ளைக்காரன் விறகுக்காக மதராஸ் மாகாணத்துக்கு விதை தருவித்துவிட்டான். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்னபோது எங்கள் பக்கத்தில் ஒரு ஜேசிபிகூட சும்மா நிற்கவில்லை. 2022இல் தமிழக அரசு அந்நிய ஊடுருவித் தாவரங்களுக்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. அந்த 2017 வேகத்தில் தள்ளிய கண்மாய்களில் எத்தனையில் கழுத்தை எடுத்தார்கள் என்று போகிற வழியில் பார்த்துக்கொண்டே போகிறேன். பல கண்மாய்களில் புதர் முன்னைவிட அடர்த்தி.

தைக்குப் பிறகு, மண்ணில் ஈரம் இருந்தும் கால் புதையாத பதத்தில் இந்த வேலையை வையுங்கள். கோடையில் கரிசல் பாறையாகிவிடும், பல் இறங்காது. எடுத்த தூரை வயலிலேயே எரிக்காதீர்கள். கரிமூட்டக்காரர் வந்து எடை போட்டு எடுத்துக்கொள்வார். எங்களுக்கு லாரி வாடகை அதிலேயே தேறியது.

இரண்டாவது முறை சுத்தம் செய்து இரண்டு மழைக்காலம் போயிற்று. தூரிலிருந்து துளிர்த்தது மொத்தம் ஒன்பது இடத்தில்தான். ஆனால் ஆட்டுப் புழுக்கையிலும் மாட்டுச் சாணத்திலும் வந்த விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் காத்திருக்கும். போன ஐப்பசியில் மழை விட்ட மறுவாரம் நானும் அம்மாவும் களைக்கொத்தோடு வரிசையாக நடந்தோம். விரல் நீளக் கன்றுகள். அந்தப் பருவத்தில் அதற்குக் கழுத்து இன்னும் உறுதிப்படவில்லை; இரண்டு விரலால் பிடித்து இழுத்தாலே வேரோடு வந்துவிடுகிறது. அம்மா முந்தானையில் சேர்த்துக்கொண்டே வந்து வரப்பில் கொட்டி எண்ணினார். நூற்று நாற்பது.

(அடுத்த வாரம்: கழித்த முள்கிளையைத் தூளாக்கும் இயந்திரங்கள்)