உட்கார்ந்திருந்தாலே சாதனை... ஆனாலும் மட்டையைத் தூக்கினார்!

1941 செப்டம்பர் 28. அமெரிக்க பேஸ்பால் சீசனின் கடைசி நாள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் 23 வயது வீரர் டெட் வில்லியம்ஸின் பேட்டிங் ஆவரேஜ் .39955. மூன்று இலக்கத்துக்குச் சுருக்கினால் .400. அபூர்வமாக ஒரு சிலரே தொட்ட உயரம் அது. 'வேண்டுமானால் இன்று ஓய்வெடுத்துக்கொள்' என்று மேனேஜர் ஜோ க்ரோனின் வாய்ப்புக் கொடுத்தும், வில்லியம்ஸ் மறுத்துவிட்டார்.

அது என்ன .400?

கிரிக்கெட்டில், எடுத்த ரன்களை அவுட் ஆன தடவைகளால் வகுத்தால் ஆவரேஜ். பேஸ்பாலில் இந்தக் கணக்குக்கு ரன் தேவையில்லை. ஃபீல்டரின் தவறு எதுவும் இல்லாமல், பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக ஒரு பேஸையாவது எட்டிவிட்டால் அது ஒரு 'ஹிட்'. மொத்த ஹிட்களை 'அட் பேட்' எனப்படும், கணக்கில் சேரும் வாய்ப்புகளால் வகுக்க வேண்டும். பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் என்றால் .300. பத்துக்கு ஏழு முறை கோட்டைவிடுபவர்கூட அங்கே நல்ல பேட்டர்தான்!

அன்று காலை வரை வில்லியம்ஸ் 448 வாய்ப்புகளில் 179 ஹிட் அடித்திருந்தார். முதல் வாய்ப்பிலேயே அவுட் ஆகியிருந்தால் ஆவரேஜ் .399. ஆனால், பிலடெல்ஃபியாவில் நடந்த இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 8 வாய்ப்புகளில் 6 ஹிட் விளாசினார். கடைசிக் கணக்கு: 456-க்கு 185. அதாவது .406!

ஆவரேஜ் மட்டும் போதுமா?

போதாது. பிட்ச்சர் நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே வீசி, பேட்டரும் அவற்றைத் தொடாமல் விட்டால், முதல் பேஸ் இலவசம். இதற்கு 'வாக்' என்று பெயர். அந்த சீசனில் வில்லியம்ஸுக்கு 147 வாக் கிடைத்தன. ஆவரேஜில் இவை சேராது. இவற்றையும், பந்து உடலில் பட்டு பேஸ் கிடைத்த தடவைகளையும் சேர்த்துப் பார்ப்பது 'ஆன் பேஸ் பர்சன்டேஜ்'. அவருக்கு அது .553. களமிறங்கியதில் பாதிக்கும் மேற்பட்ட முறை பேஸை எட்டியிருக்கிறார்!

அதேபோல, ஆவரேஜுக்கு ஒரு பேஸ் ஓடினாலும் ஹோம் ரன் அடித்தாலும் ஒரே ஹிட்தான். அந்தக் குறையைத் தீர்ப்பது 'ஸ்லக்கிங்'. ஒரு பேஸுக்கு 1, ஹோம் ரன்னுக்கு 4 என எண்ணி, அட் பேட்டால் வகுப்பார்கள். 37 ஹோம் ரன் அடித்த வில்லியம்ஸுக்கு அது .735. இந்த இரண்டையும் கூட்டினால் 'ஓ.பி.எஸ்.' 1-ஐத் தாண்டினாலே உச்ச நட்சத்திரம் என்பார்கள். அவருடையது 1.287!

இத்தனைக்கும் அந்த ஆண்டின் 'மதிப்புமிக்க வீரர்' விருது, தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்த ஜோ டிமாஜியோவுக்குப் போனது. ஆனால் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் அதற்குப் பிறகு .400-ஐ யாரும் தொடவில்லை. அன்று உட்கார்ந்திருந்தாலும் வில்லியம்ஸின் பெயர் ஏட்டில் ஏறியிருக்கும். ஆடியதால்தான் அது .406!